சும்மா கிடக்கும் இடம் யாருடையது?

பல்கலைக்கழக விடுதியில் சேர்ந்த முதல் வாரம் எல்லாரும் தேடுவது ஒன்றைத்தான்: இடம். ஓர் அறையில் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் ஒடுக்கமான அலமாரி. துணிமணி, புத்தகம், லேப் கோட்டு, சேப்டி பூட்ஸ், அம்மா மைலோ டின்னில் போட்டுக் கொடுத்த முறுக்கு, எல்லாம் இதற்குள்ளேயே அடங்கியாக வேண்டும்.

வழிகள் இருக்கின்றன. துணியைச் சுருட்டி அடுக்கலாம். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஹூக் ஒட்டலாம். கட்டிலுக்கு அடியில் பெட்டி வைக்கலாம். 0.9 மீட்டர் அகலம், 1.9 மீட்டர் நீளம் உள்ள கட்டிலுக்கு அடியில் 30 சென்டிமீட்டர் உயரம் இருந்தால், கணக்குப்படி 500 லிட்டருக்கு மேல் கொள்ளும். 40 லிட்டர் பைகள் 12 வைக்கலாம். ஆனால் நம் நாட்டு ஈரப்பதத்தில் காற்றே போகாதபடி அடைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

தொழிற்சாலைகளில் பின்பற்றும் 5S என்ற ஜப்பானிய முறையைப் பொறியியல் மாணவர்கள் அறிவார்கள். அதில் ஒழுங்காக அடுக்குவது இரண்டாவது படிதான். தேவையில்லாததைப் பிரித்து அகற்றுவதுதான் முதல் படி. நாமோ முதல் படியைத் தாண்டிவிட்டு நேராக இரண்டாவதுக்குப் போகிறோம். நம் பக்கம் நிரம்பியதும் கண் எங்கே போகும்? அறைத்தோழனின் பக்கம்தான்.

ஒருவன் அப்பாவின் காரில் மூன்று சூட்கேசோடு வந்து இறங்குகிறான். இன்னொருவன் பஸ்ஸில் ஒரே ஒரு பையோடு வருகிறான். அவன் அலமாரியில் பாதி காலி. “சும்மாதானே கிடக்கு, வச்சா என்ன?” என்று தோன்றுவது இயல்பு. இடம் வீணாகக் கூடாது, யாருக்கும் நஷ்டமும் இல்லை என்பது கேட்க நியாயமாகவே இருக்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு பேரும் கட்டியது ஒரே கட்டணம். வீட்டு வசதி வேறு, கைச்செலவுக்கு வரும் பணம் வேறு. அந்த அறையில் இருவருக்கும் சரிசமமாகக் கிடைத்தது இடம் ஒன்றுதான். அதிலும் நாம் பாதியை எடுத்துக்கொண்டால், பொருள் குறைவாக உள்ளவன் நம் பொருளுக்கு வாடகை கட்டுகிறான் என்று அர்த்தம். ‘வீண்’ என்று நாம் சொல்வது அவனுடைய பங்கு.

“நான் கேட்டுட்டுத்தானே வச்சேன்” என்று சிலர் சொல்லலாம். எப்படிக் கேட்டோம் என்பதுதான் கேள்வி. பெட்டியைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு, “டேய், இது இங்க இருக்கட்டுமா?” என்றால், “பரவாயில்லடா” என்பதைத் தவிர அவன் வேறு என்ன சொல்வான்? ஒரு வருஷம் ஒரே அறையில் இருக்க வேண்டும், முகம் முறிக்க முடியாது. மறுக்க வழியில்லாத இடத்தில் கிடைத்த சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது.

பதஞ்சலி சொல்லும் ஐந்து இயமங்களில் மூன்றாவது அஸ்தேயம், பிறர் பொருளை எடுக்காமை. ஐந்தாவது அபரிக்கிரகம், தேவைக்கு மேல் சேர்க்காமை. இரண்டையும் தனித்தனியாகப் படிக்கிறோம். விடுதி அறையில் ஐந்தாவதை விட்டவன் தானாகவே மூன்றாவதன் எல்லைக்கு வந்துவிடுகிறான்.

அதற்காகப் பகிரவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நண்பர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் இருக்கத்தான் வேண்டும். முதலில் நம் பொருளைக் குறைப்போம். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது ஒரு பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோவோம். அப்புறமும் இடம் வேண்டுமென்றால், வெறுங்கையோடு போய், எத்தனை நாளைக்கு என்றும் சொல்லிக் கேட்போம். “வேணாம்டா” என்று அவன் சொன்னால், முகம் மாறாமல் “சரிடா” என்போம். அவன் பக்கம் காலியாகவே இருந்தாலும் இருக்கட்டும். அது அவன் இடம்.