குழந்தையின் கண் யாருக்கு உரியது?

இல்லறத்தாரின் பொழுதுபோக்குகளுள் தீங்கு குறைந்தவை எவை என்று வரிசைப்படுத்தினால், புகைப்படம் எடுத்தலுக்கு அதில் நல்ல இடம் கிடைக்கும். மலரைக் கிள்ளாமல், பறவையைக் கூண்டில் அடைக்காமல், கண்ட அழகைக் காத்து வைக்க அது வழி செய்கிறது. படச்சுருள் வழங்கிய காலத்தில் அதன் பூச்சில் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டின் சேர்ந்திருந்தது. இன்று பெரும்பாலோர் கையாளும் டிஜிட்டல் கேமராவிலும் கைப்பேசியிலும் படச்சுருளே இல்லாமையால் அந்தக் குறையும் நீங்கிவிட்டது.

தாயோ தந்தையோ இக்கலையில் ஈடுபாடு கொண்ட வீடுகளில் பிள்ளைகளும் விரைவில் கருவியைக் கையில் எடுத்துவிடுகின்றனர். ஒருநாள் பிள்ளை எடுத்த படத்தைப் பார்த்துப் பெற்றவர் வியக்கிறார். “நான் அதே இடத்தில்தான் நின்றேன், எனக்கு இது தோன்றவில்லையே! என் மகளுக்குக் கலைக்கண் வாய்த்திருக்கிறது” என்று உறவினரிடமெல்லாம் காட்டி மகிழ்கிறார். மிக இயல்பான மகிழ்ச்சிதான். எனினும் அம்மகிழ்ச்சி அன்பைச் சார்ந்ததா, பற்றைச் சார்ந்ததா என்று ஒரு கேள்வியை எழுப்பிப் பார்க்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில், அவ்வியப்பைப் பெற்றவர் கையாளும் முறையைப் பொறுத்தே அந்தக் குழந்தையின் கண் வளர்வதும் வாடுவதும் அமைகின்றன.

முதலில், குழந்தை நாம் காணாததைக் காண்பது எவ்வாறு என்று நோக்குவோம். குற்றாலத்தில் சாரல் காலத்தில் வந்து குவியும் மக்கள் அனைவரும் அருவியை முழுமையாகத் தம் பின்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கின்றனர். ஐந்து வயதுக் குழந்தையின் கையில் அதே கருவியைக் கொடுத்தால் அருவி படத்தில் பாதிகூட வராது. நனைந்த படிக்கட்டும், பாட்டியின் ஈரப் புடவை முனையும், வாழைப்பழத் தோலைப் பிடித்திருக்கும் குரங்கின் விரல்களும் வந்திருக்கும். குழந்தையின் கண் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. எது முக்கியம், எது முக்கியமன்று என்று உலகம் வகுத்துவைத்த பட்டியல் அதன் மனத்தில் இன்னும் எழுதப்படவில்லை. கலைக்கண் என்று நாம் வியப்பதில் பாதி, இப்பட்டியல் இல்லாமையே ஆகும்.

நான் வாழும் ஊரின் பெயரையே சான்றாகக் காட்டலாம். ‘இலஞ்சி’ என்னும் சொல் மகிழ மரத்தையும் குறிக்கும், நீர்நிலையையும் குறிக்கும். மரம் என்றவரும் பிழைபடவில்லை. குளம் என்றவரும் பிழைபடவில்லை. பொருளைப் பல பக்கங்களிலிருந்தும் காண வேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் கண்டு அதுவே முழுமை என்று சாதிக்கலாகாது என்று கூறும் அநேகாந்தம், ஏதோ அறிஞர் அவைக்கு மட்டும் உரிய வாதம் என்று பலரும் எண்ணுகின்றனர். அது வீட்டுக் கூடத்திலும் நாள்தோறும் பயிலத்தக்கது. பெற்றவரின் பார்வை ஒரு நயம். பிள்ளையின் பார்வை மற்றொரு நயம். பிள்ளையின் படத்தைப் பார்த்து நாம் அடையும் வியப்பின் உண்மையான பொருள், ‘நான் கண்டது முழுமையன்று’ என்பதேயாகும். ஆனால் அவ்வியப்பு வாயிலிருந்து வெளிப்படும்போது, ‘என் பிள்ளையைப் பாருங்கள்’ என்று மாறிவிடுகிறது. பணிவைப் பிறப்பிக்க வேண்டிய காட்சி, மானம் என்னும் கஷாயத்திற்கு உணவாகிவிடுகிறது.

இதற்கு நம் நாட்டு வரலாற்றில் சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த உம்ராவ் சிங் ஷேர்கில் (1870–1954) வடமொழியும் பாரசீகமும் கற்ற அறிஞர். புகைப்படம் எடுப்பது அவருக்குத் தொழிலன்று. அறுபது ஆண்டு காலம் அவர் விடாது பேணிய விருப்பம். தம்மையும், ஹங்கேரி நாட்டவரான தம் மனைவியையும், அம்ரிதா, இந்திரா என்னும் இரு பெண்மக்களையும் அவர் ஓயாது படம் எடுத்தார். 1913-இல் புடாபெஸ்டில் பிறந்த மூத்த மகள் அம்ரிதா, தந்தையின் கருவிக்கு முன்னேயே வளர்ந்தாள் என்று கூறலாம். சிறு வயதிலேயே வரையத் தொடங்கிய அவளுக்காக 1929-இல் குடும்பமே பாரிஸ் நகருக்குச் சென்றது. 1932-இல் அவள் தீட்டிய ‘இளம்பெண்கள்’ என்னும் ஓவியம் மறு ஆண்டில் அந்நகரின் பெருங்கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்றது. பிள்ளையின் கலைக்கண்ணைக் கண்டு ஒரு தந்தை செய்யக்கூடியது என்று நாம் நினைப்பதையெல்லாம் அவர் செய்தார்.

சோதனை பின்னர் வந்தது. 1934-இல் அம்ரிதா இந்தியாவுக்குத் திரும்ப விரும்பியபோது தந்தை தயங்கினார். மகளின் கட்டற்ற வாழ்க்கை முறை இங்கே குடும்பத்தின் பெயருக்கு ஒவ்வுமோ என்று அஞ்சினார். தன் கலை வளர்வதற்காகவே தான் வர வேண்டியிருக்கிறது என்று மகள் கடிதம் எழுதினாள். அவ்வாண்டு இறுதியில் வந்தும் சேர்ந்தாள். 1936-ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு அஜந்தா, எல்லோரா, கொச்சி, திருவனந்தபுரம், கன்னியாகுமரி எனத் தெற்கு நோக்கிப் பயணம் செய்தாள். 1937-இல் ‘மணமகளின் ஒப்பனை’, ‘பிரம்மசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’ ஆகிய மூன்று ஓவியங்களைத் தீட்டினாள். நம் ஊர்ப்பக்கத்து மாந்தரின் கருமை நிறத்தையும் அமைதியையும் இரக்கத்தோடு கண்ட ஓவியங்கள் அவை. 1941-இல் இருபத்தெட்டாம் வயதில் அவள் மறைந்தாள். இன்று அவளுடைய ஓவியங்கள் நாட்டின் கலைச்செல்வமாகப் போற்றப்படுகின்றன.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது யாது? தந்தை மகளின் கண்ணை மெய்யாகவே மதித்தார். ஆயினும் அக்கண் அவர் விரும்பாத திசையில் திரும்பியபோது அவருக்கு அச்சம் உண்டாயிற்று. அவர் தீயவர் அல்லர். நம் அனைவரையும் போன்ற தந்தையே. அவள் அவ்வச்சத்திற்கு அடங்கியிருந்தால் தென்னாட்டு ஓவியங்கள் மூன்றும் பிறந்திரா. பிள்ளையின் பார்வை நம் சுவைக்கு ஒத்திருக்கும்போது அதைப் புகழ்வது எளிது. அதில் அறம் ஒன்றும் இல்லை. அது நம் சுவையைக் கடந்து செல்லும்போது கையை எடுத்துக்கொள்வதே அறம்.

‘அப்படியாயின் பெற்றோர் எதையும் கற்பிக்கலாகாதா?’ என்று கேட்கலாம். தக்க கேள்விதான். பிரான்சு நாட்டில் லார்த்திக் என்னும் சிறுவனுக்கு, புகைப்பட ஆர்வலரான அவன் தந்தை 1902-இல் ஒரு கருவியை வாங்கித் தந்தார். பந்தயக் கார்களையும், முதல் விமானங்களையும், தாவிக் குதிக்கும் உறவினரையும் அவன் தன் போக்கில் படம் எடுத்துத் தள்ளினான். 1963-இல் நியூயார்க் நகர அருங்காட்சியகம் ஒன்று அப்படங்களைக் காட்சிக்கு வைத்த பின்னரே உலகம் அவனைக் கலைஞன் என்று அறிந்தது. அப்போது அவனுக்கு வயது அறுபத்தொன்பது. தந்தை கருவியைத் தந்தார். எதை நோக்க வேண்டும் என்பதை மகனிடமே விட்டுவிட்டார்.

கற்பிக்கத்தக்கதற்கும் தகாததற்கும் உள்ள எல்லை இதுவே. கழுகுமலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர் உச்சி வெயிலில் செல்லாமல், கதிரவனின் ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும் வேளையில் செல்லக் கற்பிக்கலாம். பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருமேனிகள் அவ்வொளியில்தான் புடைத்து எழுந்து தோன்றும். கருவியை அசையாது பிடித்தல், ஒளியை அளத்தல், பொறுத்திருத்தல் ஆகியன கற்பிக்கத்தக்கவை. ஆனால் அங்கே குழந்தை திருமேனியை விடுத்து, அதன் கீழுள்ள வட்டெழுத்தின் ஒரு வளைவையோ, பாறை வெடிப்பில் முளைத்த புல்லையோ எடுத்தால், ‘இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?’ என்று கேட்பது தகாது. அப்பாறைக் கல்வெட்டுகளில் ‘குரத்தியர்’ என்னும் பெண் ஆசிரியர் பலரின் பெயர்கள் காணப்படுகின்றன. யார் கண்டது, அந்த வளைவு அவர்களுள் ஒருவரின் பெயரில் ஓர் எழுத்தாகவும் இருக்கலாம்.

ஆசிரியப் பயிற்சி பெற வரும் மாணவியரிடம் நான் பல ஆண்டுகள் வலியுறுத்தி வந்த செய்தி ஒன்று உண்டு. குழந்தை ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது, ‘இது என்ன?’ என்று கேட்காதீர்கள். ‘நன்று, மிக நன்று’ என்று உடனே மதிப்பெண்ணும் இடாதீர்கள். ‘இதைப் பற்றி எனக்குச் சொல்’ என்று கேளுங்கள். முதற்கேள்வி குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. உடனடிப் புகழ்ச்சி அதை அரங்கில் ஏற்றிவிடுகிறது. மூன்றாவது ஒன்றே அதைத் தன் கண்ணோடு இருக்க விடுகிறது. புகழுக்குப் பழகிய குழந்தை அடுத்த முறை தனக்குத் தோன்றியதை எடுக்காது. நமக்குப் பிடித்ததையே எடுக்கும். அன்றோடு அதன் கலைக்கண் மூடத் தொடங்குகிறது. அதை மூடியவர்கள் நாமே என்பதும் நமக்குத் தெரியாது.

ரசிப்பதும் ஒரு பெரும்பணியே என்பதைக் குற்றாலத்தார்க்கு எடுத்துக் கூறத் தேவையில்லை. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இங்கே வாழ்ந்து, பிறர் இயற்றிய கவிதைகளைப் பாடியும் விளக்கியும் ஒரு தலைமுறைக்கே சுவைக்கக் கற்றுக்கொடுத்தார். அவரே கம்பன் மீது கொண்ட ஈடுபாட்டின் மிகுதியால், இவை கம்பன் வாக்காக இரா என்று பல பாடல்களை ஒதுக்கினார். சிலவற்றின் சொற்களையும் திருத்தினார். புலவர் பலர் அதனை ஏற்கவில்லை. இத்துணைப் பெரிய ரசிகரிடத்திலும், மிக விரும்பியதைத் தன் விருப்பத்திற்கேற்பத் திருத்த முனையும் ஆசை எழுந்ததென்றால், பெற்ற பிள்ளையிடத்து நமக்கு எழுவதில் வியப்பென்ன? கம்பன் பாடலுக்காவது பழஞ்சுவடிகள் சான்றாக நிற்கின்றன. குழந்தையின் பார்வைக்கு வேறு சுவடி இல்லை; ஒருமுறை திருத்திவிட்டால் மூலம் மறைந்துவிடும்.

பரிக்கிரகம் என்பது பொருளைக் கையில் வைத்திருப்பதன்று, ‘எனது’ என்னும் மயக்கமே அது என்று தத்துவார்த்த சூத்திரம் விளக்குகிறது. பொன்னுக்கும் நிலத்துக்கும் வரையறை செய்துகொள்ளும் இல்லறத்தார், பிள்ளையின் திறமைக்கு அவ்வரையறையை நினைப்பதில்லை. இன்று கைப்பேசியில் குழந்தையின் முகமும், அது வரைந்ததும், அது எடுத்ததும் அதன் இசைவின்றியே நொடியில் நூறு பேரைச் சென்றடைகின்றன. எத்தனை பேர் பாராட்டினர் என்று பெற்றவர் எண்ணிப் பார்ப்பதைக் குழந்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘இதை யாருக்கும் காட்ட வேண்டாம், அம்மா’ என்று அது சொன்னால், அச்சொல்லைக் காப்பதும் அபரிக்கிரகத்தின் ஒரு சிறு கூறே ஆகும். ‘என்னைப் படம் எடுக்காதே’ என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டால், கருவியைத் தாழ்த்துவதும் அவ்வாறே.

இன்னொரு பயிற்சியும் உண்டு. பிள்ளை நம்மைப் படம் எடுக்கட்டும். தலை சீவாத, கண்ணாடி சரிந்த, சினத்தோடு அடுப்படியில் நிற்கும் நம் உருவத்தை அது காட்டும்போது அழித்துவிடச் சொல்லாமல் இருப்போம். இத்தனை நாள் நாம் அதைப் பார்த்தோம். அது நம்மைப் பார்ப்பதைத் தாங்குவதும் நீதியே அன்றோ?

உம்ராவ் சிங்கின் இளைய மகள் இந்திராவை மணந்தவர், 1958 முதல் 1967 வரை இந்தியத் தலைமைத் தேர்தல் ஆணையராக விளங்கிய தமிழர் கே. வி. கே. சுந்தரம். அவர்கள் மகன் விவான் சுந்தரம் (1943–2023) ஓவியர். அவர் 2001, 2002 ஆண்டுகளில் பாட்டனாரின் புகைப்படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று இணைத்து, தந்தையும் மகளும் புதிய முறையில் அருகருகே நிற்கும் படங்களை உருவாக்கினார். பாட்டனார் நினைத்தும் பாராத பார்வை அது. அவர் தம் குடும்பத்தை வைத்துக்கொள்வதற்காக எடுத்த படங்கள், அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து இன்னொரு கண்ணுக்குப் பொருளாயின. நாம் சேர்த்து வைக்கும் படங்களின் கதியும் இதுதான். அவற்றை நாளை யார் எவ்வாறு காண்பர் என்பது நம் கையில் இல்லை.

நம் கையில் இருப்பது ஒன்றே. பிள்ளை தன் படத்தைக் கொண்டுவந்து நீட்டும் அந்நேரத்தில், பிறரை அழைப்பதற்கு முன்னர் நாம் ஒரு கணம் அமைதியாக அதனைப் பார்க்கலாம். அது கண்டதை நாமும் காண முயலலாம். பின்னர்ப் படத்தை அதன் கையிலேயே திருப்பித் தரலாம். பெற்றோர் இவ்வொன்றைப் பழகிக்கொள்வாராயின், குழந்தையின் கண்ணும் வளரும். நம் பற்றும் சிறிது தேயும்.