பழி வேறு, பொறுப்பு வேறு

ஒருவருக்கு நோய் வந்தால் அவருடைய பழக்கத்தைத் துருவிப் பார்ப்பது நம் வழக்கம். வாய்ப் புற்றுநோய் என்றால் துருவ வேண்டிய தேவைகூட இல்லை. இடுப்பில் செருகியிருக்கும் வெற்றிலைப் பையே சாட்சியாகிவிடுகிறது. "போடாதீங்கன்னு எத்தன தடவ சொன்னோம், கேட்டாங்களா?" என்று வீட்டார் சொல்வார்கள். வார்டில் அடுத்த கட்டிலுக்கு வந்தவர்கள் சொல்வார்கள். கடைசியில் நோயாளியே தலை குனிந்து அதைச் சொல்வார். பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு இந்தப் பேச்சு சிறு வயதிலேயே பழகிவிட்டது. அது பாதி உண்மை. மீதியைச் சொல்லாமல் விட்டால் சொன்ன பாதியும் அநியாயமாகிவிடும்.

முதலில் நோயைப் பற்றித் தெளிவாக இருப்போம். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இலேயே சொன்னது. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு ஒன்றே போதும் என்பதை 2004இல் வெளிவந்த அதன் அறிக்கை உறுதி செய்தது. "பொயிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்று மனதைத் தேற்றிக்கொள்ள அதற்குப் பிறகு இடமில்லை. வெற்றிலை மட்டும் புற்றை உண்டாக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. கேடு பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது. சுண்ணாம்பு பாக்கின் சாரத்தை இறக்கி, கன்னத்தின் உட்தோலையும் புண்ணாக்கி, அந்தச் சாரம் உள்ளே போக வழி திறந்துவிடுகிறது. சம்பள நாளில் இதனோடு சாராயமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. 2022இல் உலகம் முழுவதும் வந்த வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1,20,000 பேரின் நோய், பாக்காலும் வாயில் அடக்கும் புகையிலையாலும் வந்தது.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஏன் போடுகிறார்கள் என்று கேட்பவர்கள், ஒரு விடியற்காலையில் அப்புத்தளைப் பக்கமோ மடுல்சீமைப் பக்கமோ வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் நின்று பார்க்க வேண்டும். பனி இறங்கியிருக்கும். அவசரமாகக் கடித்த ரொட்டித் துண்டும் சாயத்தண்ணியும்தான் வயிற்றில். பகல் கொழுந்து நிறுக்கும்வரை நின்ற நிலையில் வேலை. பாக்கிலுள்ள அரிகோலின் உடம்பில் சூடு பரவிய உணர்வைத் தரும், பசியை மட்டுப்படுத்தும், சோர்வை விரட்டும். காலில் அட்டை ஏறினால் அதன் மேல் துப்புவதற்கும் அந்த எச்சில்தான். "வயித்துல ஒன்னுமில்லாட்டியும் வாயில வெத்தல இருந்தா அந்திவரைக்கும் மலையில நிப்பேன்" என்பார் என் அப்பாயி. அவர் சொன்னதில் பொழுதுபோக்கு எதுவும் இல்லை. சோறும் கம்பளியும் ஓய்வும் செய்ய வேண்டிய வேலையை அந்தச் சிறு பை செய்துகொண்டிருந்தது.

அந்தப் பசி கற்பனை அல்ல. 2016இல் நடந்த தேசியக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 சதவீதம். தோட்டங்களில் 32 சதவீதம். பிள்ளைக்கே போதாத வீட்டில் தாய் எதைச் சாப்பிட்டிருப்பாள்? காய்கறியும் பழமும் வாய்ப் புற்றுநோயிலிருந்து ஓரளவு காக்கும் என்கிறார்கள். ஊவாவின் சரிவுகளில் விளையும் மரக்கறி வெலிமடையிலிருந்து லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகிறது. அதே சரிவுகளில் கொழுந்து எடுப்பவரின் தட்டில் ரொட்டியும் கட்டச்சம்பலும். ஆகவே பழக்கத்துக்கான பழியை அவர் தலையில் மட்டும் சுமத்த என்னால் முடியாது.

வேறு ஆபத்துகளும் உண்டு. புகைபோக்கி இல்லாத லயத்து அறையில் விறகடுப்புப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதும், 65 பாகைக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று அதே முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. தேத்தண்ணியைச் சற்று ஆறவிட்டுக் குடிப்பது நம் கையில் இருக்கிறது. புகைபோக்கி வைத்த வீடு நம் கையில் மட்டும் இல்லை.

பழி இல்லை என்றால் பொறுப்பும் இல்லை என்று ஆகுமா? இந்த இடத்தில்தான் நாம் தடுமாறுகிறோம். ஒரு பக்கம் திட்டுகிறோம். இன்னொரு பக்கம் "வயசானவுக, அவுக இஷ்டம்" என்று விட்டுவிடுகிறோம். திட்டுவதிலும் அக்கறை இல்லை, விட்டுவிடுவதிலும் அக்கறை இல்லை. அன்பு உள்ளவர்கள் செய்யக்கூடிய மூன்றாவது காரியம் ஒன்று இருக்கிறது: அவர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது.

ஈரலிலும் நுரையீரலிலும் வரும் புற்று கண்ணுக்குத் தெரியாது. வாய்க்குள் வருவது தெரியும். பெரும்பாலும் அது புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அடையாளம் காட்டிவிடுகிறது. கன்னத்தின் உள்ளே அல்லது நாக்கின் ஓரத்தில் சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண். இன்னோர் அடையாளத்தை நம் வீடுகளில் சுலபமாகத் தவறவிடுகிறோம். எப்போதும் உறைப்பாகச் சாப்பிட்டவர் "வாய் எரியுது" என்று சம்பலை ஒதுக்குவார். நாம் வயது என்று நினைத்துக் கொச்சிக்காயைக் குறைத்துச் சமைப்போம். பிறகு வாய் முன்போல் அகலத் திறக்காது, மூன்று விரல் நுழையாது. உட்தோலுக்கு அடியில் நார் இறுகிக்கொண்டு வருவதன் குறி அது. இறுகியது திரும்ப இளகாது. ஆனாலும் அன்றைக்கே பாக்கை நிறுத்தி வைத்தியரிடம் காட்டினால் மேற்கொண்டு வரக்கூடியதைத் தடுக்கலாம்.

பார்ப்பதால் உயிர் தப்புமா என்ற கேள்விக்குக் கேரளம் பதில் தந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள் வீடு வீடாகப் போய் வாயைப் பரிசோதித்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. இலங்கையில் அதற்கும் முன்னரே, 1980களின் தொடக்கத்தில், சமன் வர்ணகுலசூரிய என்ற பல் வைத்திய ஆய்வாளரும் அவரது குழுவும் ஆரம்பச் சுகாதார ஊழியர்களைப் பயிற்றி, 28,000க்கும் மேற்பட்டோரின் வாயைப் பார்க்க வைத்தார்கள். அந்த ஊழியர்களுக்கு அடையாளம் காண முடிந்தது. ஆனால் மேல் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது தோட்டத்து மக்களுக்குத் தெரியும். பதுளை வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய காலம் ஓரளவு மாறிவிட்டது. ஆனால் லுணுகலைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் வந்தால் அன்றைய பேர் விழாது. வலிக்காத வெள்ளைத் திட்டுக்காக ஒரு நாள் சம்பளத்தை யார் விடுவார்? வலி வந்த பிறகு போகிறார்கள். அதற்குள் சிகிச்சை கடினமாகிவிடுகிறது.

ஆகவே கம்பனிகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. வாய்ப் பரிசோதனை பிரட்டுக்களத்திலேயே நடக்கட்டும். மேல் பரிசோதனைக்குப் போகும் நாளுக்கு முழுப் பேர் போடட்டும். பிள்ளை மடுவத்துக்கு வரும் மிட்வைஃப், தாய்மாரின் வாயையும் ஒரு டார்ச் வெளிச்சத்தில் பார்க்கட்டும். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதற்கும் ஓர் இடம் வேண்டும்.

நம்மிடம் கேட்க வேண்டியதும் உண்டு. கல்யாணத்துக்கு வெற்றிலை வைத்து அழைப்பதை யாரும் விட வேண்டாம். மரியாதை தட்டில் இருக்கட்டும், வாய்க்குப் போக வேண்டியதில்லை. பாக்குப் பொட்டலத்தை வாங்கிவரப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதிருப்போம். முதல் பழக்கம் அந்த வழியில்தான் தொற்றுகிறது. புகையிலை கலந்த பாக்குப் பொட்டலங்களை அரசு 2016இல் தடை செய்தது. வீட்டு வாசலில் தடை போட வேண்டியவர்கள் நாம்.

அப்பாயிக்குப் பழக்கத்தைத் தந்தது பசியும் குளிரும். அதற்காக அவரைக் குற்றவாளியாக்குவது தவறு. அவர் சம்பலை ஒதுக்கும்போது "வாயத் தொறங்க, பாப்போம்" என்று கேட்காமல் இருந்தால், அந்தத் தவறு நம்முடையது.