யார் வீட்டுக் காடு?

ஊட்டி, கொடைக்கானல் அலுத்து, சிங்கப்பூரும் பார்த்தாகிவிட்டது. இப்போது சீட்டுப் பிடித்து ஆப்பிரிக்கா சஃபாரிக்கே திட்டம் போடும் குடும்பங்கள் வந்துவிட்டன. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'எந்த மாசம் போகலாம்?'

பதில் சுலபம். தென் ஆப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவானாலும் சரி, போட்ஸ்வானாவின் சோபேயானாலும் சரி, மே முதல் அக்டோபர் வரை. மழை இருக்காது. புல் காய்ந்து பார்வைக்கு வழி விடும். குட்டைகள் வற்றிவிடுவதால், மிச்சமிருக்கும் தண்ணீருக்கு எல்லா மிருகங்களும் வந்தே தீரவேண்டும். ஒக்கவாங்கோ டெல்டாவில் மட்டும் ஒரு வேடிக்கை. அங்கோலா மலைகளில் பெய்த மழை மாதக்கணக்கில் நகர்ந்து வந்து, உள்ளூரில் சொட்டு மழையில்லாத ஜூன், ஜூலையில் வெள்ளமாக நிறையும். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைக் கேளுங்கள். ஸ்வெட்டர் மறக்காதீர்கள். 'ஆப்பிரிக்கான்னா வெயில்தானே' என்று போனவர்கள் விடியற்காலை திறந்த ஜீப்பில் பல் கிடுகிடுக்க சிங்கம் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. நாம் பார்க்கப்போகும் அந்தக் காடு யாருடையது?

'இதென்ன கேள்வி? மிருகங்களுடையது!' என்பீர்கள். சினிமாவும் டி.வி.யும் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கின்றன. ஆள் இல்லாத காடு, அதில் சிங்கம், யானை. அந்த 'ஆள் இல்லாத' என்பது பல இடங்களில் தானாக அமைந்ததில்லை. அமைக்கப்பட்டது.

க்ரூகர் பூங்காவின் வடகோடியில், லிம்போபோ, லுவுவு நதிகளுக்கு நடுவே மகுலேகே மக்கள் வாழ்ந்தார்கள். 1969-ல், நிறவெறி அரசு அவர்களில் சுமார் 3,000 பேரை வெளியேற்றியது. தங்கள் வீடுகளுக்குத் தாங்களே தீ வைக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். நிலம் பூங்காவோடு சேர்ந்தது. பயணிகள் வந்து, 'அடடா, மனிதக் கை படாத இயற்கை!' என்று போட்டோ எடுத்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. நிறவெறி ஆட்சி போனதும் மகுலேகே மக்கள் நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். 1998-ல் கிடைத்தது. இப்போது நீங்களும் நானும் அவர்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வோம்? முதல் வேலையாக வேலி போட்டு, வீடு கட்டி, சோளம் விதைப்போம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. சொந்தம் எங்களுக்கு, ஆனால் காடு காடாகவே இருக்கட்டும், வரும் பயணிகளிடமிருந்து வருமானமும் வேலையும் எங்களுக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். வீட்டைக் கொளுத்தவைத்தவர்கள் 'பாதுகாப்பு' என்று எதைச் சொன்னார்களோ, அதை அந்த வீட்டுக்காரர்களே தங்கள் இஷ்டத்தில் செய்துகாட்டினார்கள். அப்படியானால் அவர்களை ஏன் விரட்டினார்கள்?

போட்ஸ்வானாவில் கதை இத்தனை இனிப்பாக இல்லை. மத்திய கலஹாரி சரணாலயம், கேரளாவைவிடப் பெரியது. 1961-ல் அதை உருவாக்கியபோது, அங்கே வாழ்ந்த சான் பழங்குடியினரைக் காப்பதும் ஒரு நோக்கமாக இருந்தது. பிறகு அவர்களையே 1997-லும் 2002-லும் வெளியேற்றினார்கள். ஆழ்குழாய்க் கிணற்றையும் மூடினார்கள். வெளியேற்றம் சட்டவிரோதம் என்று 2006-ல் நீதிமன்றம் சொன்னது. ஊர் திரும்பியவர்களுக்கு அந்தக் கிணற்றைப் பயன்படுத்தும் உரிமை 2011-ல்தான் கிடைத்தது. அவர்கள் தண்ணீருக்காக கோர்ட் ஏறி இறங்கிய நாட்களில், அதே சரணாலயத்துக்குள் பயணிகளுக்கு ஒரு விடுதி திறந்தார்கள். நீச்சல் குளத்தோடு!

அந்தக் குளத்தில் குளித்தவர் கெட்டவரா? நிச்சயமாக இல்லை. வருஷம் பூரா உழைத்து, லீவு போட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்த நல்ல மனுஷராகத்தான் இருப்பார். அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்று தோன்றவும் இல்லை. சங்கடம் அங்கேதான் இருக்கிறது.

'நான் சுடலை, பிடிக்கலை, சும்மா பார்க்கத்தானே போறேன்' என்கிறோம். 'பிக் ஃபைவ்' என்று சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஐந்தையும் டிக் அடிக்கிறோமே, அது நடந்துபோய் வேட்டையாட மிக ஆபத்தானவை என்று வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். துப்பாக்கிக்குப் பதில் கேமரா வந்திருக்கிறது. பட்டியல் மாறவில்லை. அதோடு, சும்மா பார்ப்பது என்று ஒன்று கிடையாது. பார்க்கிறவர் பணம் கொடுக்கிறார். பணம் எதையாவது வளர்க்கும்.

தென் ஆப்பிரிக்காவில் சிங்கக் குட்டியை மடியில் வைத்துப் புட்டியில் பால் கொடுக்கும் இடங்கள் உண்டு. குழந்தைகள் குதூகலிப்பார்கள். குட்டி எப்படி மடிக்கு வந்தது? பிறந்த சில நாளில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு. அப்போதுதான் தாய் சீக்கிரம் அடுத்த ஈற்றுக்குத் தயாராகும். வளர்ந்தபின்? வேலி போட்ட இடத்தில் காசு கட்டியவர் சுட்டுத் தள்ள விற்கப்பட்டவை ஏராளம். இந்தப் பண்ணைத் தொழிலுக்கு முடிவு கட்டுவோம் என்று அந்த நாட்டு அரசே 2021-ல் அறிவித்தது. நாம் கொஞ்சிய காசும் அந்தத் தொழிலுக்குத்தான் போனது.

'அப்ப போகவே வேண்டாம்கறீங்களா?' அதுவும் சரியில்லை. 2020-ல் கொரோனாவால் பயணம் நின்றபோது, நமீபியாவில் சுற்றுலாவை நம்பி வனவிலங்குகளைக் காத்துவந்த கிராமங்கள்தான் தவித்தன. யானையோடு வாழ்வது நாம் நினைப்பதுபோல் கவித்துவமான சமாசாரம் இல்லை. ஒரே ராத்திரியில் ஒரு வருஷச் சாப்பாடு போய்விடும். போட்ஸ்வானாவில் சுமார் 1,30,000 யானைகள். 2014-ல் வேட்டைக்குத் தடை போட்டார்கள், 2019-ல் நீக்கினார்கள். வேட்டைப் பொருட்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்த ஜெர்மனியில் பேச்சு எழுந்தபோது, அன்றைய அதிபர் மசீசி, 'வேண்டுமானால் 20,000 யானைகளை அனுப்பிவைக்கிறேன், நீங்கள் வாழ்ந்து பாருங்கள்' என்கிற தொனியில் 2024-ல் பதில் கொடுத்தார். காசுக்காக யானையைச் சுடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால், வயல் மிதிபடாத நான் மட்டும் அதைத் தீர்மானிப்பதும் நியாயமில்லை. யானை பிழைக்கவேண்டுமானால், அதனால் நஷ்டப்படுகிறவனுக்கு அதனால் லாபமும் வரவேண்டும். வேட்டைக்காரன் கொடுக்கும் காசு வேண்டாம் என்றால், அந்த இடத்தில் நம் காசு போய்ச் சேரவேண்டும். நேராக, அவன் கைக்கு.

எனவே டூர் ஏஜென்ட்டிடம் ரூமில் ஏ.சி. உண்டா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்கும்போது இன்னும் மூன்றையும் கேளுங்கள். விடுதி இருக்கும் நிலம் யாருடையது? நாங்கள் கட்டும் பணத்தில் பக்கத்துக் கிராமத்துக்கு என்ன போகிறது? மிருகத்தைத் தொடவோ, தூக்கவோ, அதோடு நடக்கவோ விடுவீர்களா? மூன்றாவதற்கு 'ஓ, தாராளமா!' என்றால், அந்த இடம் வேண்டாம். முதல் இரண்டுக்கும் பதில் தெரியாது என்றால், விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால், பதினொன்றாவது ஆளுக்குப் பதிலைத் தயாராக வைத்திருப்பார்.