பிள்ளைக்கு ஏற்ற ஆகாரம்



மாற்கு 5-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைத் திறந்து பாருங்கள். யவீருவின் 12 வயது மகளை ஆண்டவர் மரணத்திலிருந்து எழுப்பினார். அல்லேலூயா! வீடே பிரமித்து நிற்கிறது. அந்த நேரத்தில் அவர் சொன்னது என்ன? பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். உயிரைக் கொடுத்தவருக்குப் பசியை ஆற்றத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த வேலையை வீட்டாரின் கையில் விட்டார். அற்புதம் அவருடையது, ஏற்ற ஆகாரம் கொடுக்கிற பொறுப்பு நம்முடையது.

இதை நான் மறந்துபோன ஒரு நாள் உண்டு. வடஇந்தியாவில் ஒரு தமிழ்ச் சபைக்கு ஊழியத்துக்குப் போயிருந்தேன். ஒரு தாய் ஆறு வயது மகளை அழைத்துவந்தாள். "ஐயா, இவளுக்கு சீலியாக் வியாதின்னு டாக்டர் சொல்லிட்டார். கோதுமையே ஆகாதாம். சப்பாத்தியை நிறுத்தி நாலு மாசமாச்சு, இப்பத்தான் தேறிட்டு வர்றா. ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

ஜெபித்தேன். ஜெபத்தோடு நிறுத்தினேனா? "சிஸ்டர், விசுவாசத்தோட இன்னைக்கே சப்பாத்தி கொடுங்க" என்றேன். கொடுத்தாள். சில வாரங்களில் பிள்ளை வயிற்றுப்போக்கில் துவண்டு ஆஸ்பத்திரியில் படுத்தது. தாய் என்னைக் குறைசொல்லவில்லை. "எனக்குத்தான் விசுவாசம் பத்தலையா ஐயா?" என்று போனில் அழுதாள். பிரியமானவர்களே, விசுவாசம் அவளிடத்தில் இருந்தது. அறிவுதான் என்னிடத்தில் இல்லை. தேவனிடத்திலும் அவளிடத்திலும் மன்னிப்புக் கேட்டேன்.

இந்த வியாதி என்ன? கோதுமை, பார்லி, ரை தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. அது உள்ளே போனால், சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்புறத்தைச் சேதப்படுத்துகிறது. சாப்பிட்டாலும் சத்து சேராது. வயிறு உப்பும், கைகால் மெலியும், இரத்தம் குறையும், வளர்த்தி நிற்கும். உலகத்தில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இது உண்டு. இது சாபமல்ல, செய்வினையல்ல, ஒட்டுகிற நோயுமல்ல.

நெதர்லாந்து தேசத்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். இப்பிள்ளைகளுக்குக் கோதுமைதான் கேடோ என்று 1930-களிலேயே சந்தேகப்பட்டார். 1944-45 குளிர்காலத்தில் யுத்தத்தினால் அங்கே கொடிய பஞ்சம். ரொட்டியில்லாமல் ஜனங்கள் துலிப் கிழங்கைத் தின்றார்கள், ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். இந்த நோயுள்ள பிள்ளைகளோ தேறினார்கள்! ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடியும் நோயில் விழுந்தார்கள். எல்லாரையும் வாழவைத்த ரொட்டி, அவர்களுக்கு மாத்திரம் கேடாயிருந்தது. டிக்கே தம் ஆராய்ச்சியை 1950-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். குளூட்டன் இல்லாத ஆகாரம், அதுவும் வாழ்நாள் முழுதும் — இன்றைக்கும் இதுவே மருந்து.

பெற்றோரே, சந்தேகமிருந்தால் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதிருங்கள். நிறுத்தினபின் பரிசோதித்தால் நோய் தெரியாமல் போகலாம். முதலாவது டாக்டரிடம் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நோய் உறுதியானால் ரவை, மைதா, சேமியா ஆகாது. கடைப் பெருங்காயத்தூளில்கூட கோதுமை மாவு கலந்திருக்கலாம். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் உண்டே! கர்த்தர் ஒரு தானியத்தை மட்டுமா படைத்தார்?

சபையாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பாபிலோனில் தானியேலின் தட்டு வேறாயிருந்தது. அவனை அவிசுவாசி என்று யார் சொன்னார்கள்? ஞாயிறு பள்ளியில் பிஸ்கட் கொடுக்கும்போது, "ஒண்ணுதானே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதிருங்கள். சிறு துணுக்கும் கெடுதி செய்யும். அவளுக்கென்று ஒரு கடலைமிட்டாய் வாங்கி வையுங்கள். நாளைக்கு அவள் ஞானஸ்நானம் பெற்றுத் திருவிருந்துக்கு வருவாள். அன்று அரிசிமாவில் செய்த அப்பம் தனித்தட்டில் அவளுக்காகக் காத்திருக்கட்டும்.

அடுத்த வருஷம் நான் போனபோது, அந்தப் பிள்ளை ஓடிவந்து கையைப் பிடித்தாள். "ஐயா, நான் வளர்ந்துட்டேன்!" என்றாள். தாய் கையில் சோற்று டப்பா. அதுவும் விசுவாசந்தான்!

ஜெபியுங்கள், ஏற்றதைக் கொடுங்கள். கர்த்தர் தாமே நம் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.