காலத்தைக் கடந்த துப்பாக்கி

எங்கள் ஊர் ஆவுடையார்கோவில். புராணம் போற்றும் திருப்பெருந்துறை இதுதான். படைக்குக் குதிரை வாங்கப் பாண்டியன் தந்த பொன்னை அமைச்சர் மணிவாசகர் இங்கே இறைபணிக்குச் செலவிட்டாராம். நரிகள் பரிகளாகி மதுரை சென்றனவாம். இரவில் மீண்டும் நரிகளாகி ஊளையிட்டனவாம்! "கேட்டதை நம்பாதே, ஆராய்ந்து பார்" என்று வகுப்பறையில் நான் சொல்வதுண்டு. அப்படிச் சொன்ன என்னையே ஒரு மாணவன் அண்மையில் மடக்கிவிட்டான்.

அன்று அவனுக்கு ஓர் ஆங்கில நாவலின் கதையைக் கூறிக்கொண்டிருந்தேன். எஸ். எம். ஸ்டிர்லிங் எழுதி 1998இல் வெளிவந்த அந்த நாவலில், அமெரிக்காவின் நான்டக்கெட் தீவு, அருகிலிருந்த கடலோரக் காவற்படைக் கப்பலோடு, கி.மு. 1250க்குத் தூக்கி எறியப்படுகிறது. எங்கும் வெண்கலக் காலம். கப்பலின் அதிகாரிகளில் ஒருவனான வாக்கர், இக்காலப் படைக்கல அறிவோடு பிரிட்டனுக்கு ஓடுகிறான். அங்குள்ள மக்களை அடக்கி அரசனாகிறான். தீவினர் அவனை எதிர்த்துப் படை திரட்டுகின்றனர்.

மாணவன் கேட்டான்: "நரி பரியானது பொய்யென்றால், தீவு காலம் தாண்டியது மட்டும் மெய்யா, ஐயா?"

நல்ல கேள்வி! இரண்டும் கற்பனையே. ஆனால் புராணம் நம்பச் சொல்கிறது. நாவல் எண்ணச் சொல்கிறது. எதை எண்ண? கையில் துப்பாக்கியும் எதிரே வில்லேந்தியவனும் இருக்கையில், நாம் வாக்கராவோமா, மனிதராவோமா என்பதை!

இதற்கு விடை தேடக் காலயந்திரம் எதற்கு? வரலாறே போதும். 1858இல் ஆங்கில அரசு அந்தமானில் கைதிக் குடியேற்றம் அமைத்தது. தம் காட்டையும் கரையையும் காக்க, 1859 மே மாதத்தில் அந்தமான் மக்கள் அபர்தீனில் வில்லும் அம்புமாகப் போரிட்டனர். துப்பாக்கி வென்றது. பின்னர் 1877இல் பரவிய தட்டம்மை போன்ற நோய்கள், துப்பாக்கி விட்டுவைத்தவர்களையும் வாரிக்கொண்டன. ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பெரிய அந்தமானியர், 1961 கணக்கெடுப்பில் எத்தனை பேர்? பத்தொன்பது பேர்!

அவர்களைக் 'கற்கால மனிதர்' என்றனர். என்ன மோசடி! சுட்டவனும் சுடப்பட்டவனும் ஒரே நூற்றாண்டில், ஒரே பகலில் நின்றவர்கள்தாமே? காலத்தைக் கடக்க இயந்திரம் வேண்டியதில்லை, தோழர்களே! எதிரே நிற்பவனைப் 'பின்தங்கியவன்' என்று அழைத்தால் போதும். அவன் ஆயிரமாண்டு பின்னே தள்ளப்படுகிறான். அதன்பின் அவனுக்கு இழைப்பதெல்லாம் கொடுமையாகத் தோன்றாது, கடமையாகவே தோன்றும்!

உண்மைக் கற்காலத்தவன்தான் அத்தனை இழிந்தவனா? 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் ஆய்வாளர் அறிவித்தனர். கல்லைத் தேர்ந்து, தட்டி, கூராக்கிய அந்தக் கைதான் சிந்தனையின் தொடக்கம். அந்தக் கை இல்லையேல் துப்பாக்கி ஏது? நூலகம் ஏது? நாம் ஏது? முன்னோனைத் தொழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம், அறிந்துகொண்டால் போதும்.

இதை ஏன் பகுத்தறிவு பேசும் நமக்குச் சொல்கிறேன்? நாமும் ஊர் ஊராய் அறிவைச் சுமந்து செல்கிறவர்கள். எதிரே நிற்கும் எளியவனைக் 'காட்டுமிராண்டி' என்று நாம் ஏசும் கணத்தில், நம் கையிலிருக்கும் அறிவு துப்பாக்கியாகிவிடுகிறது. பிறப்பைக் காட்டி நம்மைத் தாழ்த்தியவன் செய்ததும் அதுதானே? ஏட்டைக் காட்டி நாம் பிறரைத் தாழ்த்தினால், கருவிதான் மாறியது, கொடுமை மாறியதா?

மாணவன் எழுந்தான். "நரிக் கதையை நம்பும் என் அப்பத்தாவிடம் இன்றே போய்ச் சொல்லிவிடுகிறேன், ஐயா, எல்லாம் பொய்யென்று!" என்றான்.

"சொல்லாதே, தம்பி, கேள்," என்றேன். "பாண்டியனுக்கு அத்தனை குதிரை எதற்கு, அவற்றின் காலடியில் மிதிபட்டவர் யார் என்று கேள். அப்பத்தாவும் யோசிக்கட்டும், நீயும் உடனிருந்து யோசி."