தம் கட்டிய காலம்

"ஜாங்ஙான் தாஹான் நாஃபாஸ்." படகு விளிம்பில் உட்கார்ந்திருந்த என்னிடம் பயிற்றுநர் மூன்றாவது தடவையாகச் சொன்னார். மூச்சை அடக்காதே. முக்குளிப்பில் முதல் விதி அதுதான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டே மேலே வந்தால், அது இரண்டு பங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும்.

மலாயில் தாஹான் என்றால் அடக்குவது மட்டுமல்ல, பொறுத்துக்கொள்வதும்தான். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனிடம் வந்து இதைச் சொல்கிறாரே என்று சிரிப்பு வந்தது. சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் லயத்தில் சின்னது பெரியது எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்றது, மழைநாளில் பால் வெட்டு இல்லாமல் கடனுக்கு அரிசி வாங்கியது, பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைத்தபோது மூட்டை கட்டியது, எதைக் கேட்டாலும் அம்மா சொல்வது ஒரே வார்த்தை: "தம் கட்டி ஓட்டிட்டோம்டா."

நாங்கள் முக்குளிக்கப் போன ஜாராக் தீவு, லுமுட்டிலிருந்து படகில் வெகுநேரம் போனால் மலாக்கா நீரிணையில் தனியாகக் கிடக்கும் சிறு காட்டுத் தீவு. ஜாராக் என்றால் தொலைவு. ஆமணக்குக்கும் அதே பெயர். விளம்பரப் படத்து நீலத்தை இந்த நீரிணையில் எதிர்பார்க்கக் கூடாது. அன்று ஓரளவு தெளிந்திருந்தது. உருண்டையான பவளப்பாறை ஒன்றின்மேல் விரல் நுனி அளவில் குட்டி ஊசியிலை மரங்கள், மஞ்சளிலும் நீலத்திலும். மரமில்லை, புழு. கிறிஸ்துமஸ் மரப் புழு என்கிறார்கள். ஆவலில் கிட்டப் போனவன் என்னை அறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்துவிட்டேன். நெஞ்சு காற்றுப் பையானது, உடம்பு மேலே கிளம்பியது. பதறிக் காலை உதைத்தேன். தண்ணீர் அசைந்ததுதான் தாமதம், புழுக்கள் துளைக்குள் போய்விட்டன. பயிற்றுநர் என் காலைப் பிடித்துக் கீழே இழுத்தார். மெல்ல விட்டேன், உடம்பு தாழ்ந்தது. இழுப்பதும் விடுவதுமாகச் சும்மா மிதந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பூப்போன்ற இழைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். நின்றபோது தோன்றியது: தோட்டத்தை விட்டு மேலே வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, இன்னும் ஏன் எங்கள் மூச்சு அங்கேயே நிற்கிறது? பிள்ளையின் பள்ளியில் ஒரு கையெழுத்துக்குக் காத்திருந்தால்கூட என் தோள் காதுவரை ஏறிவிடுகிறது.

ஈப்போ வீட்டில் அம்மா கல்லுமலை முருகனுக்கு மாலை கோக்க உட்கார்ந்திருந்தார். (அந்த மலையும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புதான். சொன்னால் நம்பமாட்டார்.) நான் கற்ற பாடத்தை ஒப்பித்தேன். அம்மா நிமிரவில்லை.

"கத்தி மரத்துல ஆழமா இறங்காம பட்டைய மட்டும் சீவணும். மூச்ச நிறுத்துனாத்தான்டா கை ஆடாது. காயம் பட்டா மரம் கெட்டுப்போகும்."

இது எனக்குத் தோன்றவே இல்லை.

நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசியைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். நெஞ்சு அசையாமல் நின்றது.

"மூச்சு விடுங்கம்மா."

"நூல் நுழையட்டும். விடுறேன்."