திங்கள், புதன், சனி

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும்: திங்கள், புதன், சனி. மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்கிக் காலையில் கிளம்பும் விசைப்படகு மறுநாள் காலை கரையேறிவிட வேண்டும். பாக் நீரிணை ஒடுங்கிய கடல், ஆழமும் குறைவு. நாட்டுப்படகுக்காரர் விரித்துவைத்த வலைமேல் விசைப்படகின் இழுவைமடி ஓடினால் வலை போச்சு. அவருக்கு அந்த மாதம் சோறு போச்சு. இதனால் மூண்ட சண்டைகளுக்குப் பிறகு பேசிப் பேசி வந்த ஏற்பாடு இது. செல்போனை எப்படி அளவோடு வைத்துக்கொள்வது என்று இன்று வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள். அதற்கான பதிலில் பாதி இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதற்கு நேராக வர முடியாது. முதலில் இந்தக் கரையில் போன் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

படகு போன இரவு வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்ற செய்தி டிவியில் ஓடுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. யாரோ ஒருவர் மூச்சிரைக்கப் பேசிய குரல் பதிவு, அதன் கீழே படகு எண். ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கி நீளும் அந்த எண்ணின் கடைசி இலக்கங்களைப் பார்க்கும்வரை தெருவில் ஒருத்திக்கும் உயிர் இருக்காது. இப்படிப்பட்ட வீட்டில் போய் 'ராத்திரி போனை அணைத்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்' என்று சொன்னால் விளக்குமாற்றை எடுப்பார்கள். எடுக்கத்தான் வேண்டும்.

மேற்கே கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் போனால் கதை வேறு. அங்கே பல வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில். துபாயில் வாட்ஸ்அப் அழைப்பு எடுபடாது என்பதால் போட்டிம் செயலியில் பேசுகிறார்கள். குழந்தை முதன்முதலாகக் குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் அப்பா திரையில்தான் பார்த்திருப்பார். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர், எந்த வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்பதெல்லாம் கைக்குக் கை போனதும் போனில்தான். மீன் வியாபாரத்துக்கும் அப்படியே. கேரளக் கரையில் 1997 முதல் 2001 வரை செல்போன் வந்த காலத்தை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். எந்தத் துறையில் என்ன விலை என்று கடலிலிருந்தே விசாரிக்க முடிந்ததும், ஒரு துறையில் மீன் விலைபோகாமல் கொட்டப்படுவதும் பக்கத்துத் துறையில் தட்டுப்பாடாக இருப்பதும் நின்றுபோயின என்று 2007-இல் எழுதினார்.

ஆக, இங்கே போன் பொழுதுபோக்கு மட்டுமில்லை. அதனால்தான் சிக்கல் கூடுகிறது. படகு எண்ணைப் பார்க்க எடுத்த போன் கையிலேயே இருக்கிறது. எண் வேறு யாருடையதோ என்று தெரிந்து மனசு ஆறிய அடுத்த நிமிடம், விரல் தானாக ரீல்ஸ் பக்கம் போகிறது. மணி ஒன்றாகிறது, இரண்டாகிறது.

படகுச் செய்தியும் ரீல்ஸும் ஒரே கருவியில் இருந்தாலும் இரண்டின் அமைப்பு வேறு. மீனவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகளைப் படித்தால் முடிந்துவிடும். அடுத்த செய்தியை யாராவது ஒரு மனிதர் அனுப்பியாக வேண்டும். பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலியும் அப்படித்தான். காற்று, கடல்நிலை, மீனவர் பேச்சு, பாட்டு. நிகழ்ச்சி முடிந்தால் முடிந்தது, கேட்டுக்கொண்டே வலையும் பின்னலாம். ரீல்ஸுக்கு முடிவு கிடையாது. பக்கத்தின் அடி வரும்போதெல்லாம் அடுத்தது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் முறையை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். அதனால் வீணான மனித நேரத்தை நினைத்துப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார். அடுத்து வருவது நன்றாக இருக்குமா, மொக்கையாக இருக்குமா என்று தெரியாது. அந்தத் தெரியாமைதான் விரலை நகர்த்துகிறது. எலிக்கும் புறாவுக்கும் எப்போது கிடைக்கும் என்று கணிக்க முடியாதபடி இரை போட்டால் எலி நெம்புகோலை ஓயாமல் அழுத்தும், புறா ஓயாமல் கொத்தும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டிலேயே காட்டியதுதான் இது.

வாட்ஸ்அப் குற்றமற்றது என்றும் சொல்லவில்லை. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று பரவிய வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பத்தை ஊர் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர்மேல் சந்தேகம் வரக் காரணம். அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. கவனிக்க வேண்டிய இடம் இது. 'யோசித்து அனுப்புங்கள்' என்ற அறிவுரை சாதிக்காததைச் சாதிக்க, கருவியிலேயே ஒரு முட்டுக்கட்டை வைக்க வேண்டியிருந்தது.

குறைத்தால் நல்லது என்பதில் பெரிய சந்தேகமில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளுக்குப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் இருந்தவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. அதே 2018-இல் இன்னோர் ஆய்வுக்காக நான்கு வாரம் ஃபேஸ்புக்கை மூடிவைத்த அமெரிக்கர்களுக்கு நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது. மகிழ்ச்சியும் சற்றே கூடியது. சற்றேதான், வாழ்க்கை தலைகீழாக மாறிவிடவில்லை.

பிறகு ஏன் யாரும் குறைப்பதில்லை? சிகாகோ பல்கலைக்கழகத்தின் லியோனார்டோ புர்ஸ்டின் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில் நல்ல பதில் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், நான்கு வாரம் டிக்டாக்கை விட்டு விலக என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். மாணவர்கள் சராசரியாக 59 டாலர் கேட்டார்கள். உன் கல்லூரியில் எல்லோரும் சேர்ந்து விலகுவதாக இருந்தால் என்று மாற்றிக் கேட்டபோது, மாணவர்கள் தங்கள் கையிலிருந்து 28 டாலர் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அதாவது, அது இல்லாத உலகம்தான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மற்றவர்கள் உள்ளே இருக்கும்போது தான் மட்டும் வெளியே நிற்க முடியவில்லை.

இதைச் சிகாகோவில் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ராமேஸ்வரத்தில் எந்தப் படகு உரிமையாளரைக் கேட்டாலும் சொல்வார். கடலில் மீன் பெருக வேண்டும் என்பதில் யாருக்கும் மாறுபாடில்லை. ஆனால் நான் மட்டும் படகைக் கட்டிப்போட்டால் மீன் மிஞ்சாது. பக்கத்துப் படகுக்காரன் அள்ளிக்கொண்டு போவான், கடன்காரன் மட்டும் என் வீட்டுக்கு வருவான். அதனால்தான் நாள் வகுத்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் அப்படித்தான் நிற்கிறது. 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017-இல் 61 ஆனது. எல்லா விசைப்படகும் ஒன்றாக நங்கூரம் போட்டு நிற்பதால்தான் ஒவ்வொரு படகாலும் நிற்க முடிகிறது. எட்டாம் வகுப்புப் பையனிடம் 'நீ மட்டும் இன்ஸ்டாவை விட்டுவிடு' என்பது, ஒற்றைப் படகைக் கட்டிப்போடச் சொல்வதுதான். மறுநாள் வகுப்பில் எல்லோரும் சிரிக்கும் விஷயம் அவனுக்கு மட்டும் புரியாது.

மேலிருந்து வரும் தடை வேறு ரகம். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடுக்கச் சொன்னது. அந்த மாதமே தடையை நீக்கியது. 2020 ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு டிக்டாக்கை ஒரேயடியாக நிறுத்தியது, அதுவும் எல்லைப் பிரச்சினையை ஒட்டி. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். ஆடியவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள், மேடைதான் மாறியது. பாம்பன் சாலைப் பாலத்தில் காரை நிறுத்திவிட்டு, 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பின்னணியில் வைத்து ஆடுகிறவர்களால் ஞாயிற்றுக்கிழமை பேருந்து நகர மாட்டேன் என்கிறது. டிக்டாக் காலத்தைவிடக் கூட்டம் இப்போதுதான் அதிகம்.

தனியாள் முயற்சிக்கும் மேலிருந்து வரும் தடைக்கும் நடுவே ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமம் 2022 ஆகஸ்டில் இதைச் செய்துபார்த்தது. மாலை ஏழு மணிக்குக் கோயிலில் சைரன் ஊதும். டிவி, போன் எல்லாம் அணைந்துவிடும். எட்டரைக்கு மறுபடி. அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் படிக்கிறார்கள், பெரியவர்கள் பேசுகிறார்கள். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் கையில் கொடுத்த போனைத் திரும்ப வாங்க முடியாமல் போனதுதான் தொடக்கம். ஒரு வீடு தனியாகச் செய்திருந்தால் அழுகையில் முடிந்திருக்கும். பக்கத்து வீட்டிலும் இருட்டுத் திரை என்பதால் பிள்ளைக்கு இழப்பு தெரியவில்லை.

நம் கரையில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதிலும் ஒலிபெருக்கிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வேறு இடத்தில்: போனை முதலில் கீழே வைக்கும் ஆள் இல்லை. தடைக்காலமும் கோடை விடுமுறையும் ஒன்றாக வருகின்றன. அப்பா வேலையில்லாமல் வீட்டில், பிள்ளை பள்ளியில்லாமல் வீட்டில், இரண்டு கையிலும் போன். பிள்ளையைத் திட்டும் அப்பாவின் திரையில் யாரோ ஒருவர் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருப்பார். அதைக் கேலியாகவும் சொல்ல முடியவில்லை. மூக்கையூரிலிருந்து வரும் 'உங்கள் மீனவன்' யூடியூப் சேனலை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். கடல் தொழிலை வெளியூர்க்காரன் மதித்துப் பார்க்கும்படி இப்படிப்பட்ட சேனல்கள் செய்திருக்கின்றன. வீடியோ எடுப்பது சிலருக்கு இன்று வருமானம்.

எனவே கட்டுப்பாட்டுக்கு விலக்கு வேண்டும். தடைக்காலத்திலும் நாட்டுப்படகு போகலாம் என்று வைத்திருப்பதுபோல. படகுக் குழுவுக்குத் தனி ரிங்டோன், மற்ற எல்லா அறிவிப்புக்கும் வாய்ப்பூட்டு என்று போனில் அமைத்துக்கொள்வது இரண்டு நிமிட வேலை. பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்து கொடுக்கும். துபாய் அழைப்பு வரும் நேரம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டு மணியை வகுக்கலாம். தெருவுக்கு ஒரு மகளிர் சுயஉதவிக் குழு வாரந்தோறும் கூடுகிறது. கடன் தவணையைத் தவறாமல் வசூலிக்கத் தெரிந்தவர்களுக்கு இதையும் பேசி முடிக்கத் தெரியும்.

மீறுவார்கள். டோக்கன் இல்லாமல் போகும் படகும் உண்டு, தடைசெய்த இரட்டைமடியை இழுக்கும் படகும் உண்டு. அதற்காகப் போராட்டமும் மறியலும் அவ்வப்போது நடக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் விசைப்படகுக்காரர் செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போனால், 'ஏன் போனாய்' என்று கேட்கும் உரிமை கரையில் நாலு பேருக்கு இருக்கிறது. இரவு ஒரு மணிக்கு ரீல்ஸ் பார்ப்பவரைக் கேட்க இன்னும் யாருக்கும் அந்த உரிமை இல்லை.